மஞ்சள் தடவிய காய்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் தேங்காய் யாவாரத்தைப் பற்றி என்னைக் கேட்காமல் யாரும் பேசிவிட முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாக்குத் தூக்கிக் காய்த்துப் போன தோள் இது. பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், அடுத்தவன் வேண்டாம் என்று தள்ளிய ஒரு துருவல் மெஷினோடு ஆரம்பித்தேன். இன்றைக்குச் சொந்தக் கடை, சொந்த லோரி, கடைக்குப் பின்னால் காய் அடுக்க ஒரு ஸ்டோர் என்று நிற்கிறேன். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் போடுகிறவர்கள், மீன்கறிக் கடைக்காரர்கள், சீனர் பலகாரக் கடைகள், கோயில் மடப்பள்ளி என்று எல்லாருக்கும் என் காய்தான்.

ஒரு காயைக் கையில் எடுத்துக் காதோரம் ஆட்டினால் போதும். உள்ளே தண்ணீர் எவ்வளவு, பருப்பு எவ்வளவு கனம், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அதனால் என் வாடிக்கைக்காரர்கள் யாரும் காயை ஆட்டிப் பார்த்து வாங்குவதில்லை. நான் எடுத்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு பையில் போட்டுக்கொண்டு போவார்கள். வேறு கடையில் இப்படி நடக்காது. போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருப்பேன். என் கடைக்கு வந்த வாடிக்கை வெறுங்கையோடு திரும்பியதில்லை. கல்யாண வீடோ சாவு வீடோ, நாலு பேர் உட்கார்ந்தால் இதை எடுத்துவிடுவேன். கேட்டுக் கேட்டு என் மனைவி, நான் தொடங்கும்போதே எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

மூன்றாவது பெருமை தைப்பூசம். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பூசத்துக்கு முதல் நாள் தேர் எங்கள் தெரு வழியாகத்தான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும். பினாங்குக்காரருக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். தேர் வரும் வழி நெடுக அவரவர் வேண்டுதலுக்குத் தக்கபடி சாலையோரம் தேங்காயைக் குவித்து வைப்பார்கள். தமிழர்கள் மட்டும் இல்லை, சீனர்களும்தான். அவர்கள் குவியலில் ஊதுபத்தி செருகியிருக்கும். தேர் கிட்ட வரும்போது அத்தனை காயும் தார்ச்சாலையில் சிதறும். செருப்பு நனையத் தண்ணீர் ஓடும். தேர் தாண்டியதும் மண்வாரி இயந்திரம் வந்து, வீடு இடித்த குப்பையை வாருவதுபோல எல்லாவற்றையும் வாரி லோரியில் கொட்டிக்கொண்டு போகும்.

நான் முதன்முதலில் உடைத்தது ஒரே ஒரு காய். சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோது, சொந்தமாக ஒரு கடை வேண்டும் என்று கேட்டு உடைத்தேன். கடை வந்தது. அந்த வருஷம் ஒரு சாக்கு. லோரி வாங்கியபோது நூற்றெட்டு. அதற்கப்புறம் சாமியிடம் நான் புதிதாக எதையும் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆனால் எதிர்ச்சாரியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், அவரும் உடைக்க ஆரம்பித்தார். அவர் ஐந்நூறு அடுக்கினால் நான் அறுநூறு அடுக்கினேன். அவர் எழுநூறுக்குப் போனார். அப்படியே ஏறி என் குவியல் ஆயிரத்தெட்டில் வந்து நின்றது. வேண்டுதல் வளரவில்லை. நான்தான் வளர்ந்தேன்.

பூசத்துக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் நல்ல காயாகப் பொறுக்கி ஸ்டோரில் தனியாக அடுக்குவோம். ஒரு பேசினில் மஞ்சளைக் கரைத்து ஒவ்வொரு காயிலும் ஒரு கோடு இழுப்போம். மஞ்சள் பட்டால் அது சாமிக் காய். விற்கக் கூடாது, கறிக்கு எடுக்கக் கூடாது. கடையில் யாரும் இதை மீறியதில்லை. நான் போட்ட சட்டம்.

போன வருஷம் வரத்துக் காய் திடீரென்று குறைந்தது. மழை கெடுத்துவிட்டது என்றார் ஒருவர். இந்தோனேசியாக் காய் வேறு நாட்டுக்குப் போகிறது என்றார் இன்னொருவர். எதுவானால் என்ன, லோரி பாதி வயிற்றோடு வந்தது. இந்த மாதிரிக் காலத்தில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கடையும் தன் வாடிக்கையை மட்டும் காப்பாற்றும்; புது முகத்துக்கு ஒரு காய்கூடக் கிடைக்காது. உன் கடைக்காரன் கையை விரித்துவிட்டால் நீ வேறு எங்கும் போக முடியாது.

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருக் கோயிலில் கூட்டம் போட்டார்கள். காய் பஞ்சமாக இருக்கிறது, இந்த வருஷம் எல்லாரும் உடைப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு இளைஞர் பேசினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து அதை ஆதரித்தேன். பத்து நிமிஷம் பேசினேன். "சாமி என்ன எண்ணிக்கிட்டா இருக்கு? மனசுதான் முக்கியம்" என்றேன். கைதட்டினார்கள். அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, மனசாரத்தான் பேசினேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, எதிர்க்கடைத் தவுக்கே குறைத்துவிட்டால் என் குவியல் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே தலைக்குள்தான் இருந்தன. ஒன்றை ஒன்று பார்த்து முறைக்கக்கூட இல்லை.

இனி அந்த ஆப்பக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு முனையில் ஒரு சீனர் கோப்பிக்கடை. அதன் வாசலில் ஐந்தடி இடத்தை வாடகைக்கு எடுத்து, கரி அடுப்பில் சின்னச் சட்டிகளை வரிசையாக வைத்து ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தவர். வயது என்னைவிட நிறையக் குறைவு. புருஷன் வேலையிடத்தில் விழுந்து இடுப்பொடிந்து வீட்டில் படுத்திருப்பவர். அந்த அடுப்பை வைத்துத்தான் மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார். முப்பது வருஷமாக என்னிடம்தான் காய். காலையில் கடை திறந்ததும் முதல் போணி அவர்தான். என் மெஷினிலேயே துருவி, இங்கேயே பிழிந்து, பாலைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போவார்.

அந்த ஆப்பம் முழுக்கத் தேங்காய்ப்பாலில் நிற்பது. ஓரம் சல்லடை மாதிரி முறுகுவதும் நடுவில் பஞ்சு மாதிரி நிற்பதும் புதுப் பாலில்தான் வரும். டப்பாப் பாலில் வராது. இதை நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன்.

பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும். விடியற்காலையில் லோரி வந்தது. என்னிடம் ரொம்ப நாளாக வேலை செய்பவன், பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி வருகிறவன், பின்கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மொதலாளி, இவ்ளோதான் குடுத்தானுங்க. அடுத்த லோடு எப்பன்னு கேட்டா, சாமிகிட்ட கேளுங்கறான். கடையில எறக்கவா, ஸ்டோர்லயா?"

நான் கணக்குப் போட்டேன். கடையில் இறக்கினால் வாடிக்கைகள் பங்கு போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இனி வரும் லோரி எப்படி வருமோ. என் குவியல் என்ன ஆவது? எதிர்ச்சாரியில் தவுக்கே கடையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. முந்தின நாள்தான் அவர் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். "போஸ், இந்த வருஷம் கெலாப்பா இல்ல, தேங்கா இல்ல. ஒங்க மலை சின்ன மலை, ஆ?"

"ஸ்டோர்ல எறக்கு. மஞ்சள கரை" என்றேன்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான். "இப்பவேவா? சாமியே இன்னும் வீட்ட விட்டு கெளம்பல. அதுக்குள்ள நீங்க எல போட்டுட்டீங்க."

"சொன்னத செய் லா."

"காய் முத்திப்போயி வெடிச்சா நான் பொறுப்பில்ல."

அவன் கரைத்தான். நானே உட்கார்ந்து கோடு இழுத்தேன். வழக்கமாக அந்த வேலையை நான் தொடுவதில்லை. அன்றைக்கு அவனைவிட வேகமாக இழுத்தேன். ஏன் அவ்வளவு வேகம் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், பக்தி என்று சொல்லியிருப்பேன். உண்மை என்னவென்றால், ஆப்பக்கார அம்மா வருகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவர் வருவதற்குள் எல்லாக் காயும் சாமிக் காய் ஆகிவிட வேண்டும். மஞ்சள் படாத ஒரு காய் மிஞ்சியிருந்தாலும் அதை நான் விற்றாக வேண்டும். மஞ்சள் பட்டுவிட்டால் விற்பதற்குக் காய் இல்லை. இல்லை என்று சொல்வது பொய்யும் இல்லை.

கடைசிச் சில காய்கள் இருக்கும்போதே முன்பக்கம் தூக்குவாளிச் சத்தம் கேட்டது. எழுந்து போனேன்.

"என்னண்ணே, தட்டு காலியா கெடக்கு?"

"காய் இல்லம்மா."

"லோரி சத்தம் கேட்டுச்சே?"

"விக்கிறதுக்குக் காய் வரலம்மா. நானே தலயில கை வச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

தலையில் கை வைத்தும் காட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், விரல் ஐந்தும் மஞ்சள். கையைக் கீழே இறக்கிச் சட்டைக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டார்.

"கையில மஞ்சள், அண்ணே?"

"சாமி வேல."

அவர் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டோர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "நல்லதுண்ணே. நாளைக்கி வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாளி காலியாக இருந்ததால் நடக்கும்போது மூடி கிணுகிணு என்று ஆடிக்கொண்டே போனது.

நாளைக்கும் வந்தார், மறுநாளும் வந்தார். அப்புறம் கடைக்குள் வராமல், போகிற போக்கில் தட்டைப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார். இடையில் வந்த சொற்பக் காய்களைப் பெரிய வாடிக்கைகளுக்கு அனுப்பினேன். ஓட்டல்காரன் கோபித்துக்கொண்டால் போய்விடுவான். இந்த அம்மா எங்கே போகப்போகிறார் என்று நினைத்தேன். மனதில் ஒரு மூலையில் ஏதாவது அரித்தால் உடனே பதில் தயாராக இருந்தது. எல்லாருக்கும்தானே கஷ்டம். மூன்று வாரம்தானே. டப்பாப் பாலில் சுட்டுக்கொள்ளட்டுமே. அவருக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள். சாமி காரியத்தில் கை வைக்க முடியுமா? ஒரு பதில் ஆட்டம் கண்டால் அடுத்ததைக் கொண்டுவந்து முட்டுக் கொடுப்பேன். தகரக் கொட்டகை கட்டியவன் அல்லவா, முட்டுக் கொடுப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

அந்த நாட்களில் என் வீட்டுச் சமையலும் டப்பாப் பாலில்தான் நடந்தது. என் மனைவி மீன்கறிச் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள். "ஊருக்கே காய் குடுக்குற மவராசன் வீட்டுல டப்பாப் பாலு. வெளிய சொல்லிடாதீங்க, சிரிக்கப் போறாங்க."

"சாமிக்கு எடுத்து வச்சது."

"சாமி கேட்டுச்சா, எதிர்க்கட தவுக்கே கேட்டாரா?"

கறி நன்றாக இல்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

தேர் வருகிற அன்று காலையில் கடை வாசலில் காயை அடுக்கினோம். மழை பெய்து கழுவிவிட்ட மாதிரி வானம். என் குவியலைப் பார்க்க ஆட்கள் நின்றார்கள், போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். எதிர்ச்சாரித் தவுக்கேயின் குவியல் முழங்கால் உயரம்கூட இல்லை. அவர் ரோட்டைத் தாண்டி வந்து என் கையைக் குலுக்கினார். "போஸ், நீங்க எங்க ஒளிச்சி வச்சீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு கிழவர், "நாசி லெமாக் பொட்டலம் கையளவா சுருங்கிடுச்சி, இங்க பாரு மலையா கெடக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரும் தன் பையிலிருந்து காயை எடுத்து உடைக்கத் தயாராக நின்றார். தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது. எல்லார் வாயிலும் பஞ்சம், எல்லார் கையிலும் காய். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நம்மைத் திருப்பிக் கேட்பார்களே.

நாதஸ்வரச் சத்தம் முனையில் கேட்டபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆப்பக்கார அம்மா என்னிடம் வந்தார். கையில் காய் இல்லை. நெற்றியில் விபூதி. என் குவியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். எனக்கு நெஞ்சுக்குள் எல்லாப் பதில்களும் ஓடிவந்து வரிசையில் நின்றன. எதை முதலில் எடுத்துவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரே சொன்னார். "சாமிக் காய் வேற, யாவாரக் காய் வேற, இல்லண்ணே? சாமிக்குன்னு எடுத்து வச்சத எனக்கு குடுத்திருந்தா அந்தப் பாவம் எனக்குத்தான்."

நான் சொல்ல வைத்திருந்த பதில் அது. வார்த்தை மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தது. என் வாய்க்குள் இருந்தபோது அது நியாயமாகத்தான் இருந்தது.

"டப்பாப் பால்ல சுட்டேண்ணே. மொறுகல. ஆளு வரல. கோப்பிக்கட தவுக்கே அந்த எடத்த வாப்பல் ரொட்டி சுடுற பையனுக்கு பேசிட்டாரு. பூசம் முடிஞ்சி சொல்றேன்னாரு. ஒரு காய் குடுங்கண்ணே, நானும் ஒடைக்கிறேன். கட எனக்கே நிக்கணும்னு வேண்டிக்கிறேன்."

குவியலில் கை விட்டு நல்ல காயாக ஒன்றை எடுத்தேன். பழக்கத்தில் கை தானாகக் காதோரம் போனது. ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர் நிறைந்த, பருப்புக் கனத்த காய். இந்த மாதிரிக் காய் நாள் தவறாமல் கிடைத்திருந்தால் அந்த அடுப்பு அணைந்திருக்காது. அதை அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேர் வந்தது. கண்ணை மூடி உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டு, தலைக்கு மேலே தூக்கி, ரோட்டில் ஓங்கி அடித்தார். காய் இரண்டாகப் பிளந்தது. பருப்பு அவ்வளவு வெள்ளை. தண்ணீர் என் காலில் தெறித்தது.

அவர் எந்தச் சாமியிடம் கேட்டாரோ, அந்தச் சாமி மூன்று வாரமாக என் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது.

மற்றக் காய்களை ஆட்கள் உடைத்தார்கள். எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மண்வாரி வந்தது. வாரும்போது மஞ்சள் கோடு போட்ட ஓடுகள் தனியாகத் தெரிந்தன.

சிம்பாங் அம்பாட்டில் பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் என் மகள் பூசத்துக்கு வந்திருந்தாள். மாணவர்களிடம் மனம்விட்டுப் பேசி ஆலோசனை சொல்கிற வேலை. அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம், யாரோ ஒரு கடைக்காரருக்கு நடந்ததாக இதைச் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அது எல்லாருக்கும் உள்ளதுதாம்பா. நெனக்கிறதும் செய்யிறதும் உள்ள முட்டிக்கிச்சின்னா மனுசனால தாங்க முடியாது. செய்யிறத மாத்துறது கஷ்டம். அதனால நெனப்ப வளைச்சிக்குவான். ஊரே சேந்து வளைச்சா வளைஞ்சதே தெரியாது." அப்புறம், "அந்தக் கடைக்காரரு இப்ப எப்பிடி இருக்காரு?" என்று கேட்டாள். நல்லா இருக்காரு என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் அப்பளத்தை என் தட்டில் வைத்தாள்.

கோப்பிக்கடை வாசல் வாப்பல் பையனுக்குப் போனது. பூசம் முடிந்து காய் வரத்துச் சரியானதும் நான் ஒரு சாக்குக் காயை ஆளிடம் கொடுத்து அந்த அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஆள் சாக்கோடு திரும்பி வந்தான். "அந்தக்கா பத்து காவான் ஊர்ல ஃபேக்டரி கேன்டீனுக்கு வேலைக்கு போவுது மொதலாளி. விடியறதுக்கு முன்ன பஸ் வந்து ஏத்திக்கிட்டு போயிடுதாம். சாக்க வச்சிக்கிட்டு நான் எங்க ஆப்பம் சுடுறதுங்குது." பாலம் தாண்டிப் போய்த் தட்டுக் கழுவி, காய்கறி நறுக்கி, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புகிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். மாதச் சம்பளம், வெயிலில்லை, புகையில்லை, ஒருவகையில் நல்லதுதான். அந்தப் பதில் இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

இந்த வருஷப் பூசம் வந்தது. நான் ஒரே ஒரு காய்தான் உடைத்தேன். வெட்கத்தில் செய்தது, அதற்கு மேல் கை வரவில்லை. அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பாசாரில் ஆளாளுக்குக் கேட்டார்கள். "என்னண்ணே, ஆயிரத்தெட்டு ஒண்ணாயிடுச்சி?" வெட்கத்தில் என்று எப்படிச் சொல்வது? "போன வருசம் காய் பஞ்சத்த பாத்தோமே தம்பி. பெரியவங்க நாமதான வழி காட்டணும்" என்றேன். அந்தப் பேச்சு பரவிவிட்டது. தெருக் கோயில் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, முன்மாதிரி என்று சொல்லிப் பொன்னாடை போட்டார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். வாங்கினேன். பத்து நிமிஷத்துக்கும் மேல் பேசினேன். நான் பல வருஷமாகவே இதை யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். பேசப் பேச எனக்கே அப்படித்தான் இருந்ததாகப் பட்டது. எதிர்க்கடைத் தவுக்கே முதல் ஆளாகக் கைதட்டினார். பொன்னாடையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி கையை நீட்டினாள். வாங்கி மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆப்பக்கார அம்மா கடைக்கு வந்தார். ஃபேக்டரி லீவு. தூக்குவாளி இல்லை, ஒரு சின்னத் துணிப்பை.

"கேள்விப்பட்டேண்ணே. சால்வ போட்டாங்களாமே. நல்ல காரியம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. ஆள் பின்னால் காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"ஒக்காரும்மா" என்றேன். அவர் உட்காரவில்லை. "போன வருசம் அன்னிக்கி நீ வந்தப்ப காய் இருந்திச்சி. லோரி வந்திச்சி. நீ வர்றதுக்குள்ளதான் மஞ்சள் தடவினேன்."

இவ்வளவையும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தெரியும்ண்ணே" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"கையில மஞ்சள் ஈரமா இருந்திச்சே. தலயில கை வச்சீங்க, நெத்தியில சொட்டிச்சி."

"அப்ப தேரன்னிக்கி ஏம்மா அப்படிச் சொன்ன? சாமிக் காய் வேறன்னு?"

அவர் துணிப்பையின் காதைச் சுருட்டினார். "வேற என்னண்ணே சொல்றது? முப்பது வருசமா அண்ணே அண்ணேன்னு கூப்பிட்ட வாயி. நீங்க எனக்கு இல்லன்னு சொல்லி ஒளிச்சி வச்சீங்கன்னு நம்புனா, அப்புறம் அந்த வாயால என்னான்னு கூப்பிடுறது? அதான் சாமிக்குன்னு நானே சொல்லிக்கிட்டேன். சொல்லிக்கிட்டா கொஞ்சம் தேவல."

அவரும் முட்டுக் கொடுத்துத்தான் நின்றிருக்கிறார். எனக்காக.

கடை முன்பக்கம் இடம் இருக்கிறது, அடுப்பைக் கொண்டுவந்து போட்டுக்கொள், வாடகை வேண்டாம், காய் என் பொறுப்பு என்றேன். அவசர அவசரமாகச் சொன்னேன். சொல்லும்போதே உள்ளே ஒருத்தன் எட்டிப் பார்த்து, பார்த்தாயா உன் பெருந்தன்மையை என்கிறான். அவனை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"சட்டியெல்லாம் குடுத்துட்டேண்ணே. கேன்டீன்ல வருசக் கடைசியில போனஸ் வேற சொல்லியிருக்காங்க" என்றார் அவர். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "யோசிக்கிறேன்."

அப்புறம், "கறிக்கி ஒரு காய் போதும்" என்றார்.

வழக்கம்போல நான் ஒரு காயை எடுத்து நீட்டினேன். நல்ல காய். முப்பது வருஷத்தில் இந்தக் கையிலிருந்து எத்தனை ஆயிரம் காய் வாங்கியிருப்பார், ஒன்றையாவது திருப்பிப் பார்த்தவர் இல்லை. அன்றைக்கு அவர் அதை வாங்கிக் காதோரம் கொண்டுபோய் மெதுவாக ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர்ச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, தானாக வேறொன்றை எடுத்து, அதையும் ஆட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"வர்றேண்ணே" என்றார்.